மணி அடிக்காத ஞாயிறு

ஏப்ரல் 26, சனி

நடை 5.10 முதல் 5.55 வரை. சர்க்கரை 142.

இந்திராணி மார்க்கெட்டிலிருந்து கத்தரிக்காயோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். என் தங்கை தமயந்தியின் மகள் அபிநயாவுக்குக் கல்யாணமாம். ஜூன் 8, திண்டுக்கல். மாப்பிள்ளைக்குக் கரூர். பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறதாம். சொன்னது, இரண்டு வீடு தள்ளியிருக்கும் எங்கள் பெரியம்மா மகள் சரோஜா அக்கா.

"தாய்மாமன்னு நீங்க ஒருத்தருதான. சீரு யாரு கொண்டுட்டுப் போறது?" என்றாள் இந்திராணி.

"வந்து வச்சா போவோம். வைக்கலைன்னா நமக்கென்ன?" என்றேன்.

ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் மகன் தினகரன் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினேன். அதுதான் நான் செய்த கொலைக்குற்றம். கூடப் பிறந்தவளைத் தட்டு வைத்து அழைக்க நேரமில்லாதவன் வீட்டுக்கு எதற்கு வரவேண்டும் என்று அவள் கல்யாணத்துக்கே வரவில்லை. அப்போது ரயில்வேயில் இரட்டைப் பாதை போடும் வேலை. சிக்னல் பிரிவில் ஒருவனுக்கும் லீவு கிடையாது. ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது.

மதியம் ஒரு முடிவெடுத்தேன். வாசல் அழைப்பு மணியைச் சீர்செய்ய வேண்டும். மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது மணி அடித்தால் கேட்பதே இல்லை. ரொம்ப நாளாக நினைத்திருந்த வேலைதான். இன்றுதான் நேரம் கிடைத்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

புனேயிலிருந்து தினகரன் பேசினான். "வயர்லெஸ் பெல் கடையில கிடைக்குதுப்பா. வாங்கி மாட்டிட்டுப் போங்களேன்" என்றான். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் சிக்னல் பராமரித்தவன் கடையில் மணி வாங்கி மாட்டுவதா? போனை இந்திராணியிடம் கொடுத்துவிட்டேன்.

திட்டம் இதுதான். கேட்டில் இருக்கும் சுவிட்சுக்கு இனி வீட்டு மின்சாரம் போகாது. பன்னிரண்டு வோல்ட் போதும், மழையில் தொட்டாலும் ஷாக் அடிக்காது. சுவிட்சை அழுத்தினால் தகவல் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கு வரும். போர்டு ரிலே என்ற மின்விசையைத் தட்டும். ஹாலில் பழைய மணியும் மாடியில் ஒரு பஸ்ஸரும் ஒரே சமயத்தில் அடிக்கும். கூடவே ஒரு கடிகாரச் சில்லு. யார் எப்போது அழுத்தினாலும் நேரம், நிமிடம், நொடியோடு பதிவாகும். எங்கள் ரிலே அறையில் டேட்டா லாக்கர் அப்படித்தான் இருக்கும். விபத்து நடந்தால் மனிதன் ஆயிரம் கதை சொல்வான், டேட்டா லாக்கர் ஒன்றே ஒன்றுதான் சொல்லும்.

"வாசல்ல ஆளு நிக்கிறதுக்குக் கணக்கு எதுக்குங்க?" என்றாள் இந்திராணி.

பதிவில்லாத வேலை வேலையே இல்லை என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

டவுன்ஹால் ரோட்டில் போர்டு, ரிலே, பஸ்ஸர், இருபது மீட்டர் வயர் வாங்கினேன். கடைக்காரப் பெண் "பேரனுக்கு ப்ராஜெக்ட்டாங்க ஐயா?" என்று கேட்டாள். எனக்கு என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும்.

மே 1, வியாழன்

நிரல் எழுத வீடியோ பார்த்துப் படிக்கிறேன். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு இரண்டு மணி நேரம் போனது. கீரை வாங்க மறந்தேன், திட்டு வாங்கினேன்.

மே 4, ஞாயிறு

மணி தானாக அடிக்கிறது. காலையிலிருந்து ஒன்பது முறை. ஒன்பது முறையும் ஓடிப்போய்த் திறந்தேன். வாசலில் ஒரு நாய்கூட இல்லை.

ஆறாவது தடவை இந்திராணி கேட்டாள். "கதவத் தொறக்கப் போறப்பல்லாம் தலை சீவிட்டா போவாங்க? சிலிண்டர்காரனுக்கு இவ்வளவு மரியாதையா?"

வெளியே போகிற மனிதன் தலை கலைந்து போகலாமா? என்ன பேச்சு இது.

சாயங்காலம் காரணம் கண்டுபிடித்தேன். தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அடிக்கிறது. கேட்டு வரை போகும் நீள வயர் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு யாரோ அழுத்தியதாகப் பொய் சொல்கிறது. ஒரு ரெசிஸ்டர் வைத்துக் கட்டினேன். அடங்கிவிட்டது.

மே 6, செவ்வாய்

இன்று முக்கியமான பகுதியை முடித்தேன். மாடிக்குப் போகும் லைன் நன்றாக இருக்கிறதா என்று போர்டு முதலில் சோதிக்கும். நன்றாக இருந்தால்தான் ஹால் மணிக்கும் அனுமதி. லைன் அறுந்திருந்தால் இரண்டுமே அடிக்காது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். நான் பார்த்துச் சரிசெய்துவிடுவேன்.

இந்திராணிக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணாவது அடிச்சிட்டுப் போகட்டுமே" என்றாள்.

அப்படித்தான் பாமரர்கள் நினைப்பார்கள். சிக்னலில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் எல்லாம் சிவப்பு. ரயில் நின்றால் யாரும் சாவதில்லை, ஓடினால்தான் சாவார்கள். அரைகுறையாக ஓடும் கருவியைவிட நின்றுபோன கருவி எவ்வளவோ மேல். இதைச் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். புரிந்திருக்காது.

மே 8, வியாழன்

பெட்டியைக் கதவுக்குப் பின் சுவரில் மாட்டினேன். சோதனை இருபது முறை, இருபதும் வெற்றி. மாடியில் ரோஜாச் செடி வரை கேட்கிறது. சரோஜா அக்கா வீட்டுக்கும் கேட்டதாம்.

இனி யார் வந்தாலும் தெரியாமல் போகாது.

மே 10, சனி

பெட்டி அசிங்கமாக இருக்கிறதென்று இந்திராணி அதன்மேல் தினசரி காலண்டரை மாட்டிவிட்டாள். இருக்கட்டும் என்று விட்டேன். நாளை காலை அவள் திருமங்கலத்தில் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போகிறாள். எனக்கு முட்டி வலி, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளை முகூர்த்த நாள். தெருவில் பத்திரிகை வைக்க நிறையப் பேர் வருவார்கள், வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

மாலை நாலேகாலுக்கு இரண்டு கெட்டிப் போர்வைகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மே 11, ஞாயிறு

நடை போகவில்லை. இந்திராணி ஆறரைக்குக் கிளம்பினாள். போகுமுன் கேசரி கிண்டி வைக்கச் சொன்னேன். "சர்க்கரைய வச்சுக்கிட்டுக் கேசரி யாருக்கு?" என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாமா என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் முந்திரி கொஞ்சம் கூடவே போட்டிருந்தாள்.

இஸ்திரி போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை. வேறெதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து டிவியில் பட்டிமன்றம் பார்த்தேன். கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்று காட்டுக்கத்தல். எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மதியம் மோர்ச்சோறு.

யாரும் வரவில்லை. நாலரைக்கு ராகுகாலம் தொடங்கியதும் டிவியை அணைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். கேசரியில் பாதியை நானே தின்றேன்.

மே 12, திங்கள்

சர்க்கரை 231.

மே 14, புதன்

சரோஜா அக்கா வந்தார். கையில் பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் தமயந்தியும் அவள் புருஷன் ரத்தினவேலும் வந்து வைத்துவிட்டுப் போனார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை! இதே தெருவில்! இரண்டு வீடு தள்ளி!

"அவ மொகமே சரியில்ல சோலைமலை. தண்ணிகூடக் குடிக்கல. அஞ்சே நிமிசத்துல கெளம்பிட்டா. நான் ஒண்ணும் கேட்டுக்கிறல" என்றார் அக்கா.

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் தடவிய ஓரம். உள்ளே, தாய்மாமன் என்று போட்டு என் பெயர். பி. சோலைமலை, ரயில்வே ஓய்வு, கூடல்நகர், மதுரை. இனிஷியல்கூடச் சரி.

ஆக, ஊருக்குக் காட்ட என் பெயர் வேண்டும், என் வீட்டு வாசற்படி மட்டும் வேண்டாம். என்னைப் பார்க்க வைத்துப் பக்கத்து வீட்டுக்கு இலை போட்டிருக்கிறாள். பொம்பளைக்கு இவ்வளவு வன்மமா? பத்திரிகையை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். போர்வை இன்னும் கொடியிலேயே கிடந்தது, அதை மடிக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு இனி யார் வந்து அழைத்தாலும் போவதில்லை. இது முடிவு.

மே 15, வியாழன்

சிலிண்டர்காரர் கேட்டை உதைக்காத குறையாகக் கத்தினார். "சார்! சார்! ரெண்டு தடவ அமுக்கிட்டேன், பெல்லு செத்துப் போச்சா?"

காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாடிக்குப் போனேன். ஈரப் போர்வையின் பாரத்தில் கொடி தாழ்ந்து, பக்கத்தில் கட்டியிருந்த பஸ்ஸர் வயரை இழுத்து அறுத்திருந்தது. தினகரனின் பழைய லேப்டாப்பைப் போர்டில் சொருகிப் பதிவை எடுத்தேன். உள்ளபடி இங்கே எழுதுகிறேன்:

மே 10, 16.20.11. லைன் அறுந்தது. ஹால் மணி நிறுத்தம்.
மே 11, 10.42.07. அழுத்தம்.
மே 11, 10.42.31. அழுத்தம்.
மே 11, 10.44.50. அழுத்தம்.
மே 15, 09.03.15. அழுத்தம்.
மே 15, 09.03.40. அழுத்தம்.

கடைசி இரண்டும் சிலிண்டர்காரர். நடுவில் உள்ள மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகுதான் சரோஜா அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அக்கா சொன்ன பதினொரு மணி வாக்கு சரியாக வருகிறது.

வந்திருக்கிறாள். என் வீட்டுக்குத்தான் முதலில் வந்திருக்கிறாள். இரண்டாவது அழுத்தலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இரண்டு நிமிடம் பத்தொன்பது நொடி. அந்த நேரமெல்லாம் வெயிலில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் உள்ளே, கதவிலிருந்து ஆறு காலடி தூரத்தில், அவளுக்காகவே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், அவளுக்காகத்தான். மணியும் அவளுக்காகத்தான். நாட்குறிப்பில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

எங்கள் துறையில் இதற்குப் பெயர் ராங் சைடு ஃபெயிலியர். கருவி கெடலாம், ஆனால் ஆபத்தான பக்கம் பார்த்துக் கெடக் கூடாது. ரயிலுக்கு மௌனம் பாதுகாப்பு. வீட்டுக்கு மௌனம்தான் ஆபத்து. வெங்காயம் உரித்தவளுக்கு இது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. சர்வீஸில் இருந்திருந்தால் குற்றப் பத்திரிகை கொடுத்திருப்பார்கள்.

மே 16, வெள்ளி

வயரைப் போர்வைக்கு எட்டாத உயரத்தில் புதிதாக இழுத்தேன். நிரலைத் திருத்தினேன். இனி எது கெட்டாலும் மிச்சம் இருப்பது அடிக்கும்.

மதியம் இந்திராணியிடம் சொன்னேன். "நாளைக்குத் திண்டுக்கல் போறேன்."

"பத்திரிகை வைக்காத வீட்டுக்கா? மரியாதையா இருக்குமா?"

"அவ வச்சிட்டா. நான்தான் வாங்கல."

சோற்றைப் பிசைந்தேன். பிறகு இன்னொன்றையும் சொன்னேன். தினகரன் கல்யாணத்தின்போது லீவு இல்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிவருகிறேன். லீவு இல்லாததும் நிஜம்தான். ஆனால் அதே வாரம் ஒரு சாயங்காலம் அனுமதி வாங்கி, என் அதிகாரி வீட்டுக்குப் பழத்தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். தங்கைக்குக் கூரியர் போதும், கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன்.

"அது எனக்குத் தெரியாதா? தட்டத் தூக்கிட்டுக் கூட வந்ததே நான்தான" என்றாள் இந்திராணி. "நீங்களா எப்பச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ரசம் ஊத்தவா?"

மே 17, சனி

காலை பாசஞ்சர். துண்டில் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சுவரில் அதன் இடம் காலியாக இருக்கிறது. சாட்சி இல்லாமல் விசாரணைக்குப் போக எனக்குத் தெரியாது.

திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தமயந்தி கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்தினாள். வா என்று சொல்லவில்லை. ரத்தினவேல் மச்சான்தான் "வாங்க மச்சான், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்காரவில்லை. துண்டைப் பிரித்துப் பெட்டியைக் காட்டினேன். லைன், ரிலே, போர்வை, 10.42.07 என்று தொடங்கினேன். பாதிதான் சொல்லியிருப்பேன்.

"டப்பாவச் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்றாள். அவள் என்னிடம் ஆறு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. "உள்ள டிவி சத்தம் தெருவுக்குக் கேக்குது. வண்டி நிக்கிது, செருப்புக் கெடக்குது. அமுக்குறேன், பெல்லு மட்டும் அடிக்கல. நான் வருவேன்னு தெரிஞ்சு, வேணும்னே வயரப் புடுங்கிப் போட்டுட்டன்னு நெனச்சேன். இவரு கதவத் தட்டுவோம்னாரு. வேணாங்க, தொறக்காத கதவத் தட்டக் கூடாதுன்னுட்டேன். திண்டுக்கல் வர்ற வரைக்கும் பஸ்ஸுல அழுதுட்டே வந்தேன், தெரியுமா?"

"நான் உள்ளதான் இருந்தேன் தமயந்தி. நீ வருவியான்னு காலையில இருந்து சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் பெட்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இதற்குமேல் என்னிடம் சாட்சி இல்லை. நெஞ்சில் இருந்ததைச் சொன்னேன்.

"கூரியர் தப்பு. லீவு இல்லைங்கிறது சாக்கு. ஆபீசர் வீட்டுக்கு நேர்ல போனவன் உன் வீட்டுக்கு வரல. தங்கச்சிதானன்னு நெனச்சிட்டேன். தப்பு என் மேலதான்."

தாம்பூலப் பைக் கட்டு அவள் கையிலிருந்து நழுவியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "இத ஒரு தடவ, ஒரே ஒரு தடவ போன்ல சொல்லியிருந்தாக்கூட ஓடி வந்திருப்பேனேண்ணே. ஆறு வருசம்! அம்மா தெவசத்துக்குக்கூட நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்." எனக்கும் அழுகை வந்தது. மச்சான் எழுந்து காபி போடப் போனார்.

கொஞ்சநேரம் கழித்துப் பத்திரிகையைக் கேட்டுக் கையை நீட்டினேன்.

"அதெல்லாம் இங்க தரமாட்டேன்" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தாய்மாமனுக்கு அவுக வீட்டுல போய் வைக்கிறதுதான் மொற. வந்த எடத்துல வாங்கிட்டுப் போறதுக்கு நீ என்ன தெருவுல போறவனா? நீ போ. மதினிய இருக்கச் சொல்லு. நாளைக்குக் காலையில நானும் அவரும் வர்றோம்."

"சரி. நாளைக்கு மணி அடிக்கும்" என்றேன்.

"பாப்போம்" என்றாள்.

மே 18, ஞாயிறு

நேற்று வந்ததும் பெட்டியைச் சுவரில் மாட்டினேன். சோதனை நாற்பது முறை. நாற்பதும் வெற்றி. காலண்டரை வேறு ஆணிக்கு மாற்றினேன்.

இன்று காலை ஆறு மணிக்கே கேட்டையும் கதவையும் விரியத் திறந்து வைத்தேன். கதவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டிவி போடவில்லை. "இப்படித் தொறந்து போட்டா நாயி, ஆடு எல்லாம் உள்ள வரும்" என்றாள் இந்திராணி. வந்தால் வரட்டும் என்றேன். அவள் மறுபடி கேசரி கிண்டப் போனாள்.

9.48க்கு ஆட்டோ வந்து நின்றது. மச்சான் கையில் தட்டு, வெற்றிலை, பழம். தமயந்தி அரக்குப் பட்டு. நான் எழுந்து கேட்டு வரை வந்துவிட்டேன். எனக்கும் அவளுக்கும் நடுவே நாலடிகூட இல்லை. "வாம்மா, வாங்க மச்சான்" என்று இரண்டு கையையும் கூப்பினேன்.

அவள் உள்ளே வரவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் கையை நீட்டி, கேட்டுத் தூணில் இருந்த சுவிட்சை அழுத்தினாள்.

ஹாலில் மணி அடித்தது. மாடியில் பஸ்ஸரும் அடித்தது. இந்திராணி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

தமயந்தி மறுபடி அழுத்தினாள்.

"அதான் கேக்குதே தமயந்தி, எதிர்லதான நிக்கிறேன்" என்றேன்.

"உனக்குக் கேட்டாப் பத்தாதுண்ணே. எனக்குக் கேக்கணும்" என்றாள்.

மூன்றாவது முறையும் அழுத்தி, அந்தச் சத்தம் முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.